போர்வை ஓரத்துக்கு ரேந்தை: பிரித்ததும் பின்னியதும்

முதல் தடவை தோய்த்துக் கொடியில் போட்டபோதே தெரிந்துவிட்டது. போர்வையின் நடுப்பகுதி தட்டையாக, நன்றாகவே இருந்தது. ரேந்தை (லேஸ்) வைத்துத் தைத்த ஓரம் மட்டும் சுருக்குப் பையின் வாய் போல உள்ளே இழுபட்டு, நான்கு மூலைகளும் மேலே எழும்பி நின்றன. அம்மா கிணற்றடியில் நின்றபடியே பார்த்துவிட்டு, "ரேந்தையை நனைச்சுக் காயவிட்டுத்தானே பிள்ளை தைச்சனீ?" என்று கேட்டார். நான் நனைக்கவில்லை.

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கண்டிப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மார்கழி, தை இரவுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் பிடிபடச் சில காலம் எடுக்கும். கடையில் கம்பளி வாங்கியிருக்கலாம். ஆனால் அலுமாரியின் கீழ்த்தட்டில் அம்மாவின் பழைய நூல் சேலைகள் ஆறும், அப்பாவின் சாரங்கள் நாலும் பல வருடமாக மடித்தபடியே கிடந்தன. அப்பா போன பிறகு அவற்றை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, கிழித்துத் தரை துடைக்கவும் மனமில்லை. அவற்றை வெட்டித்தான் இந்தப் போர்வை.

மேல்பக்கம் 300 சதுரங்கள். ஒவ்வொன்றும் 12 சென்ரிமீற்றராக வெட்டி, சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் தையலுக்கு விட்டது. தைத்து முடிய 10 சென்ரிமீற்றர் நிற்கும். அகலத்துக்கு 15, நீளத்துக்கு 20. ஆக 150க்கு 200 சென்ரிமீற்றர். நடுவில் பழைய பருத்திக் கட்டில் விரிப்பு இரண்டு மடிப்பு. அடியில் அப்பாவின் வேட்டி இரண்டை இணைத்தது. மூன்றையும் சேர்த்து நூலோட்டம் போட்ட பிறகு, சுற்றிவரக் கடும் சிவப்புப் பருத்தியில் ஓரப்பட்டி. பட்டியை 6 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, இரண்டாக மடித்து, ஒரு சென்ரிமீற்றர் உள்ளே மெசினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் முடித்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சென்ரிமீற்றர் சிவப்பு தெரியும்.

பட்டித் துணியைத் தைக்கமுன் நன்றாகத் தோய்த்திருந்தேன். சிவப்பு அல்லவா, சாயம் இறங்கும். மூன்றாவது அலசலில்தான் தண்ணீர் தெளிந்தது. அதன் பிறகும் ஒரு துண்டை நனைத்து, வெள்ளை லேஞ்சியின் (கைக்குட்டையின்) மேல் வைத்து அயன் பெட்டியால் அழுத்திப் பார்த்தேன். லேஞ்சியில் நிறம் ஒட்டவில்லை. அவ்வளவு கவனமெடுத்த நான், கடையில் வாங்கிய பருத்தி ரேந்தையை மட்டும் அப்படியே எடுத்து ஓரத்தில் தைத்துவிட்டேன். அது சிறு வலைதானே, அதில் சுருங்க என்ன இருக்கிறது என்று நினைத்தது பிழை. வலையாக இருப்பதால்தான் அதிகம் சுருங்குகிறது. இழைகளுக்கு இடையில் நெருங்கி வர இடம் உண்டு. பிரித்தெடுத்த பிறகு அளந்து பார்த்தேன்: ஏழு மீற்றர் போட்டது ஆறு மீற்றர் அறுபதுக்கு வந்திருந்தது. அந்த நாற்பது சென்ரிமீற்றரும் போர்வையின் ஓரத்தைத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. சேலையும் சாரமும் நூறு தடவை தோய்த்துச் சுருங்கி முடிந்தவை. அவை அசையவே இல்லை.

பிரிப்பது பற்றி ஒரு சொல். நூலைப் பிடித்து இழுத்தால் பட்டியின் துணி கிழியும். மெசின் தையலின் ஒரு பக்கத்தில் மட்டும், நாலு தையலுக்கு ஒன்றாக, தையல் பிரிக்கும் சிறு கத்தியால் வெட்டிக்கொண்டு போக வேண்டும். பிறகு மறுபக்கத்து நூலை மெதுவாக இழுத்தால் முழு நூலாகக் கழன்று வரும். வெட்டுப்பட்ட துண்டுகளைச் சீலை ஒட்டும் பசைநாடாவால் ஒற்றி எடுக்கலாம். ஏழு மீற்றருக்கு இரண்டு மாலைப் பொழுது போனது. ஊசித் துளைகளுக்கு மேல் ஈரத்துணி போட்டு அயன் பண்ண, ஓரம் திரும்பவும் நேராக வந்தது. மூலைகளும் படிந்தன.

இனி ஓரம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். பட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மகள் அந்த ரேந்தையோடு போர்வையைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டாள். எனக்கும், இத்தனை சதுரங்கள் ஓடிவந்து ஒரு சிவப்புக் கோட்டில் திடீரென்று நிற்பது போலிருந்தது.

என்ன போடலாம் என்று சில நாள் யோசித்தேன். சட்டைக் கழுத்துக்கு வைப்பது போலக் கயிறு வைத்துப் பைப்பிங் வைக்கலாம். ஆனால் அதற்குப் பட்டியையே கழற்ற வேண்டும். சதுரத் துணியை இரண்டு தரம் மடித்து முக்கோணமாக்கி, தோரணம் கட்டியது போல வரிசையாகச் செருகித் தைக்கும் முறையும் உண்டு. பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு முக்கோணமும் நாலு மடிப்பு. இரண்டு முக்கோணம் ஒன்றையொன்று மேவும் இடத்தில் எட்டு மடிப்பு. அதன் மேல் பட்டியும் போர்வையும் சேர்ந்தால் எங்கள் கால் மெசின் ஊசி தாங்காது. அதுவும் பட்டி வைக்கமுன் செய்ய வேண்டிய வேலை. பாம்பு போல வளைந்து வளைந்து போகும் நாடாவைக் கடையில் பார்த்தேன், பொலியெஸ்ரர். இன்னொரு முறை கடைச் சரக்கை இந்தத் துணியோடு சேர்த்துத் தைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் அம்மா சொன்னார்: "லேஞ்சிக்குப் பின்னுறது மாதிரிப் பின்னிவிடன். உனக்குச் சின்னனிலை பழக்கினனான்தானே."

உண்மைதான். எங்கள் வீட்டில் கலியாணத்துக்குக் கொடுக்கும் லேஞ்சி, தட்டத்து மூடுசீலை எல்லாவற்றுக்கும் அம்மா குறோசே எனும் கொக்கி ஊசியால் ரேந்தை பின்னுவார். இந்தச் சொற்களை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. ரேந்தை போர்த்துக்கேயச் சொல், லேஞ்சியும் அப்படித்தான். அந்த லேஞ்சியை வைக்கும் அலுமாரியும், இருந்து பின்னும் கதிரையும், கதிரை போடும் விறாந்தையும்கூட அவர்கள் விட்டுப்போன சொற்களே. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடம்கூட முழுதாக ஆளவில்லை. தையல் பெட்டியிலும் விறாந்தையிலும் இன்னும் இருக்கிறார்கள். தெற்கே காலி, வெலிகமப் பக்கத்தில் தலையணை மேல் மரக்கட்டைகளை உருட்டிப் பின்னும் பீரளு ரேந்தைக்கும் அதே பெயர்தான். எங்களுடையது வேறு வேலை: ஒரு கொக்கி ஊசி, ஒரு நூலுருண்டை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. கண் தெளிவில்லை, மெல்லிய நூலில் கண்ணி தெரியாது. ஆகவே பின்னுவது நான், பக்கத்தில் இருந்து பார்ப்பது அம்மா என்று முடிவானது.

நூலுக்கு யாழ்ப்பாணம் நவீன சந்தைக் கடைகளுக்குப் போனேன். போகும்போது மிஞ்சிய பட்டித் துணியில் ஒரு துண்டும், சேலைத் துண்டுகள் சிலவும் கையில் கொண்டுபோனேன். கடை விளக்கின் கீழ் நிறம் பார்த்து வாங்கினால் வீட்டுக்கு வந்து வேறாகத் தெரியும். துண்டையும் நூலையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தூய வெள்ளை, சிவப்புக்குப் பக்கத்தில் பளீரென்று அடித்தது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, அம்மாவின் பழைய சேலைகளில் வெள்ளை இருந்து இருந்து மாறும் அந்த நிறம், சரியாகப் பொருந்தியது. பேர்ள் கொட்டன் எனும் பருத்தி நூலில் 8ஆம் இலக்கம் எடுத்தேன். 5ஆம் இலக்கம் இதைவிடத் தடிப்பு. இலக்கம் ஏற ஏற நூல் மெல்லிதாகும். ஒரு உருண்டையில் 80 மீற்றர். மூன்று உருண்டை எடுத்தேன், மூன்றிலும் ஒரே சாயத் தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தேன். தொகுதி மாறினால் உருண்டை மாறும் இடம் காலம் முழுக்கக் கண்ணில் குத்தும்.

மூன்று என்பது குத்துமதிப்பு இல்லை. வீட்டில் கிடந்த அதே தடிப்பு நூலில் முன்பே மாதிரி பின்னிப் பிரித்து அளந்திருந்தேன். ஒரு சிப்பிக்கு, அதாவது விசிறி போல விரியும் ஒரு பின்னலுக்கு, 25 சென்ரிமீற்றர், அடிவரிசையில் நூறு பின்னலுக்கு இரண்டு மீற்றர், பட்டியில் போடும் கைத்தையலுக்குத் தையல் ஒன்றுக்கு மூன்று சென்ரிமீற்றர். எல்லாம் சேர 150 மீற்றரைத் தாண்டியது. இரண்டு உருண்டை என்றால் 160. நூல் மாற்றும்போது வெட்டி எறிவதைச் சேர்த்தால் கடைசி மூலையில் நூல் முடிந்துவிடும்.

இனி முக்கியமான இடம். துணிக்கும் பின்னலுக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பது.

லேஞ்சித் துணி மெல்லிது. கூரான கொக்கி ஊசியால் துணியைக் குத்தியே நூலை இழுத்துப் பின்னிவிடலாம். போர்வைப் பட்டியில் அதைச் செய்து பார்த்தேன், மிஞ்சிய துண்டிலே. கொக்கி உள்ளே போகும்போது சிரமப்பட்டுப் போகிறது, வெளியே வரும்போது துணியின் இழைகளையும் கொளுவிக்கொண்டு வருகிறது. பத்துத் துளைக்குள் மூன்று இழை அறுந்தது. அப்படி ஏழு மீற்றர் குத்தினால் பட்டி தபால் முத்திரையின் ஓரம் போல ஒருநாள் கிழிந்து கழன்றுவிடும்.

ஆகவே முதலில் ஊசி நூலால் ஓரத்தைச் சுற்றித் தைத்து, அந்தத் தையலின் வளையத்துக்குள் கொக்கியை விட்டுப் பின்னுவது. கம்பளி விளிம்புக்குப் போடும் தையல்தான்: ஊசி துணிக்குள் இறங்கி ஓரத்துக்கு வெளியே வரும்போது, நூல் ஊசியின் கீழே கிடக்க வேண்டும். இழுத்தால் ஓரத்தின் மேல் ஒரு நூல் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தையலுக்கும் இடையில் ஓரத்தோடு ஒரு சிறு பாலம். கொக்கி அந்தப் பாலத்தைத்தான் பிடிக்கும், துணியைத் தொடாது. எங்காவது பின்னல் அறுந்தாலும் நூல்தான் போகும், பட்டி தப்பும்.

கடகம் பொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓலையை எவ்வளவு நெருக்கமாக இழைத்தாலும் வாய் விளிம்பை நாரால் பொத்தாவிட்டால் கடகம் நிற்காது. முதலில் அடிபடுவது விளிம்புதான்.

தையல் எல்லாம் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். அளவுநாடா பிடித்துப் புள்ளி வைக்க, நாடா நழுவி நழுவிப் போனது. காகிதத்தில் அளவு வெட்டினேன், ஒரு பக்கம் முடியமுன் மூலை மடங்கிப்போனது. அம்மா காய்ந்த பனையோலையில் ஒரு நறுக்கு வெட்டித் தந்தார். ஒரு சாண் நீளம், 6 மில்லிமீற்றர் அகலம். அதன் ஒரு ஓரத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சிறு வெட்டு. நறுக்கைப் பட்டியின் ஓரத்தோடு வைத்தால் வெட்டு இடைவெளியைச் சொல்லும், நறுக்கின் அகலம் ஆழத்தைச் சொல்லும். ஓலை வளையாது, துணியில் வழுக்காது. பட்டி ஒரு சென்ரிமீற்றர் அகலம் என்பதால் 6 மில்லிமீற்றர் ஆழத்தில் ஊசி இறங்கினால் பட்டியையும் உள்ளே இருக்கும் போர்வையையும் சேர்த்தே பிடிக்கும். குறி வைக்கத் தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு. சிவப்பில் வெள்ளையாகத் தெரியும், தோய்த்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பேனை எதுவும் வேண்டாம்.

கைத்தையலுக்குக் கண் பெரிய, முனை கூரான ஊசி வேண்டும். முனை மழுங்கிய கம்பளி ஊசி இத்தனை மடிப்புக்குள் போகாது. நடுவிரலுக்கு உலோகத் தொப்பி போடாமல் முதல் நாள் தைத்தேன், இரண்டாம் நாள் விரல் ஒத்துழைக்கவில்லை. நூல் 90 சென்ரிமீற்றருக்கு மேல் எடுத்தால் முறுக்கி முடிச்சு விழுகிறது. அந்த நீளத்தில் 25 தையல் போகும். புது நூல் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சு ஓரத்தில் தடிப்பாகத் தெரியும், கொக்கியையும் மறிக்கும். நூலின் வாலைப் பட்டியின் மடிப்புக்குள் ஐந்து சென்ரிமீற்றர் ஓடவிட்டு, ஒரு இழை பின்தையல் போட்டு, திரும்பவும் எதிர்ப்பக்கம் ஓடவிட்டு வெட்டினால் போதும்.

மூலையில் ஊசி ஒரே துளைக்குள் மூன்று தரம் இறங்கும்: ஒன்று வந்த பக்கத்துக்கு நேராக, ஒன்று மூலையின் நுனிக்குச் சாய்வாக, ஒன்று போகும் பக்கத்துக்கு நேராக. பட்டியை மூலையில் மடித்த அந்தச் சாய்வுக் கோட்டின் மேலேயே நடுத் தையல் விழுந்தால் அழகாக இருக்கும்.

700 தையல், நாலு மாலை.

இத்தனைக்கும் முதலே, உண்மையான போர்வையில் கை வைக்கமுன், மிஞ்சிய பட்டியில் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். முதலில் 1.25 மில்லிமீற்றர் ஊசி. பின்னல் இறுகி, துண்டு லேசாக வில் போல வளைந்தது. 1.5க்கு மாறினேன், நேராக வந்தது. அதைத் தோய்த்து, காயவைத்து, அளந்தேன்: பத்தொன்பதரை. அந்த அளவு சுருக்கம் பின்னலின் நெகிழ்வுக்குள் அடங்கிவிடும், துணியை இழுக்காது. இந்த முறை நனைக்காமல் எதையும் தைப்பதில்லை என்று இருந்தேன். ஆகவே மூன்று உருண்டையையும் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தித் திரும்பவும் சுற்றினேன். ஒரு முழு நாள் வேலை, ஆனால் மனம் நிம்மதியானது.

அடிவரிசை எளிது. ஒவ்வொரு பாலத்துக்குள்ளும் மூன்று குட்டைப் பின்னல். மூலையில் முதல் சிறு இடைவெளிக்குள் ஒன்று, நுனியில் ஒன்று, அடுத்த இடைவெளிக்குள் ஒன்று. அகலப் பக்கத்துக்கு 450, நீளப் பக்கத்துக்கு 600.

இரண்டாம் வரிசைதான் அலங்காரம், சிப்பி. ஒரு கண்ணியில் குட்டைப் பின்னல் போட்டு நிறுத்தி, இரண்டு கண்ணி விட்டு, அடுத்த கண்ணிக்குள் ஐந்து நெட்டைப் பின்னல், திரும்ப இரண்டு விட்டுக் குட்டை. ஐந்து நெட்டையும் ஒரே கண்ணிக்குள் நிற்பதால் விசிறி போல விரியும். ஆறு கண்ணிக்கு ஒரு சிப்பி, அதாவது இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்று.

இங்கே இரண்டு இடத்தில் இடறினேன். இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வேறு யாராவது இதைச் செய்யப் போனால் இதே இடத்தில்தான் நிற்பார்கள்.

முதலாவது பெயர். கை மறந்துபோயிருந்ததால் ஒரு அமெரிக்க வீடியோவைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டேன். அதில் சிப்பிக்கு ஐந்து "டபிள்" என்றார்கள். அம்மாவிடம் நான் படித்த டபிளைப் போட்டுக்கொண்டே போனேன். பதினாலு சிப்பி முடிந்தது. விசிறியாக விரியாமல், எல்லாம் குறுகிப் பருத்து, கொத்துக் கொத்தாக நின்றன. நூல் தடிப்பு போதாது போலும் என்று நினைத்தேன். அம்மா பக்கத்தில் வந்து இருந்து, பின்னலை விரலால் தடவிப் பார்த்தார். "இது டபிள். நான் சிப்பிக்கு ட்ரெபிள் எல்லோ போடுறனான்" என்றார்.

அம்மா படித்தது இங்கிலாந்து முறைப் பெயர்கள். அமெரிக்காவில் "சிங்கிள்" என்பது இங்கிலாந்தில் "டபிள்". அமெரிக்காவில் "டபிள்" என்பது இங்கிலாந்தில் "ட்ரெபிள்". ஒவ்வொரு பெயரும் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஒரே சொல், இரண்டு பின்னல். அதனால்தான் நான் இங்கே குட்டை, நெட்டை என்று எழுதுகிறேன். குட்டை: கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும், நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளாலும் ஒரே தடவையில் இழுப்பது. நெட்டை: நுழைக்கமுன்பே ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது, நுழைத்து இழுத்தால் மூன்று கண்ணி, இரண்டிரண்டாக இரண்டு தடவையில் இழுத்து முடிப்பது. எங்கே எந்தச் செய்முறையைக் கண்டாலும், அதில் "சிங்கிள்" என்ற பெயரே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அது அமெரிக்க முறை.

பதினாலையும் பிரித்தேன். குறோசேயில் உள்ள பெரிய நன்மை இது. ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், இழுத்தால் தொடக்கம் வரை சலசலவென்று கழன்று வரும், நூலும் பழுதாகாது. மெசின் ரேந்தையைப் பிரித்த அந்த இரண்டு மாலையோடு ஒப்பிட்டால் இது இரண்டு நிமிடம்.

இரண்டாவது கணக்கு. 450ஐ ஆறால் வகுத்தால் சரியாக 75. 600ஐ வகுத்தால் 100. மிச்சமே இல்லை என்று எனக்குப் பெரிய சந்தோசம். மூலையில் ஏழு நெட்டை வைத்துப் பெரிய சிப்பி, பிறகு பக்கம் முழுக்கச் சிறிய சிப்பி என்று முதல் அகலப் பக்கத்தைப் பின்னிக்கொண்டு வந்தேன். அடுத்த மூலைக்கு வந்தால் மூன்று கண்ணி குறைகிறது. கடைசிச் சிப்பிக்கு இடமில்லை. எண்ணிப் பார்த்தேன், ஒரு சிப்பியும் பிழையில்லை. திரும்பவும் எண்ணினேன்.

கடைசியில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூலைச் சிப்பி நிற்பது மூலையின் நடுக் கண்ணியில். அதற்கு அடுத்து இரண்டு கண்ணி விட வேண்டும்: ஒன்று மூலையுடையது, மற்றது பக்கத்துடையது. பிறகு ஒரு குட்டை. அதற்குப் பிறகுதான் ஆறு ஆறாகத் தொடங்குகிறது. கடைசியிலும் பக்கத்தின் ஒரு கண்ணி மூலைக்காக விடுபடும். ஆக, பக்கத்துக்கு வேண்டியது ஆறின் மடங்கு இல்லை. ஆறின் மடங்கோடு மூன்று. 75 சிப்பிக்கு 453, 100 சிப்பிக்கு 603. நாலு பக்கத்திலும் சரியாக மும்மூன்று கண்ணி குறைவு.

சிப்பிகளைக் கழற்றி, அடிவரிசையையும் கழற்றினேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடத்தில், கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி தூரத்தில், பாலத்துக்குள் மூன்றுக்குப் பதில் நாலு குட்டை போட்டேன். ஒரே இடத்தில் மூன்றையும் சேர்த்திருந்தால் அந்த இடம் அலை போல நெளிந்திருக்கும். பிரித்துப் போட்டதில் எங்கே கூட்டினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. முப்பது கண்ணிக்கு ஒரு கறுப்பு நூல் துண்டைக் கட்டிக்கொண்டு போனதால் பிறகு எண்ணுவதும் இலேசாயிற்று.

அதற்குப் பிறகு வேலை தானாக ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில், போர்வையின் பாரம் முழுவதையும் இன்னொரு கதிரையில் தாங்கவிட்டு, ஓரத்தை மட்டும் மடியில் வைத்துப் பின்னினேன். பாரம் தொங்கினால் பின்னல் இழுபட்டு நீளும், அது முக்கியம். ஒரு நாளைக்கு நாற்பது சிப்பி அளவில் ஒன்பது நாள். பக்கங்களில் 350, மூலையில் நாலு. இரவு தொலைக்காட்சிச் செய்தி முடிந்ததும் அம்மா அன்றைய துண்டை விரலால் தடவிக்கொண்டே போவார். ஒரு நாள் நடுவில் நிறுத்தி, "இதுக்குள்ளை நாலுதான் இருக்கு" என்றார். விளக்கை நெருக்கிப் பார்த்தேன். நாலுதான். நான் கண்ணால் பார்த்து இரண்டு தரம் தாண்டிப் போன இடம் அது.

கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு இழுத்து இணைத்து, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, ஊசியில் கோத்துச் சிப்பிகளின் அடியாலே முன்னும் பின்னும் ஓடவிட்டேன்.

சிப்பிகளை நிமிர்த்துவதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ரேந்தை என்றால் சவ்வரிசிக் கஞ்சி போட்டு, ஒவ்வொன்றாக இழுத்து, விறைப்பாகக் காயவைக்க வேண்டும் என்பது அம்மாவின் முறை. மூடுசீலைக்கு அது சரி. போர்வை கழுத்தோடு உரசும், விறைத்த சிப்பி குத்தும். மாவுப்பசை இருக்கும் துணியைப் பெட்டிக்குள் மடித்து வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். ஆகவே வெறும் தண்ணீரைத் தெளித்து, பாய் மேல் விரித்து, மூலைகளிலும் பக்கங்களில் பத்துச் சிப்பிக்கு ஒன்றாகவும் குண்டூசி குத்திக் காயவிட்டேன். துருப்பிடிக்காத குண்டூசிதானா என்று ஒன்றை ஈரத்துணியில் ஓர் இரவு வைத்துப் பார்த்த பிறகே குத்தினேன். அம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் மூலைச் சிப்பி நாலையும் விரலால் இழுத்து இழுத்து விரித்துவிட்டுத்தான் எழும்பினார்.

தோய்ப்பதற்கு மகளுக்கு எழுதிக் கொடுத்தவை கொஞ்சம்தான். இங்கே எங்கள் கிணறு சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர், வன்மையானது. கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் வெள்ளைப் படலமாகச் சிவப்புப் பட்டியில் படியும். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது சலவைத் திரவம்தான் போட வேண்டும். முறுக்கிப் பிழியக்கூடாது, உருட்டி அழுத்த வேண்டும். ஈரப் போர்வையை ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடவே கூடாது. இரண்டு கொடிக்கயிற்றுக்குக் குறுக்கே, வேட்டிப் பக்கம் வெயிலைப் பார்க்க விரிக்க வேண்டும். வொஷிங் மெசினில் போடுவதானால் பழைய தலையணை உறைக்குள் விட்டுக் கட்டிப் போட வேண்டும்.

இரண்டாம் முறை தோய்த்தது இந்த வீட்டுக் கிணற்றடியில்தான். அம்மா கதிரையை வெளியே கொண்டுவரச் சொல்லி, காயும்வரை பக்கத்திலேயே இருந்தார். பின்னேரம் எடுத்து விறாந்தைத் தரையில் விரித்தோம். நாலு மூலையும் தரையோடு படிந்து கிடந்தன.

மிஞ்சிய நூலை அந்தப் பனையோலை நறுக்கிலேயே சுற்றி, 1.5 ஊசியையும் சேர்த்து, சாரத் துண்டில் தைத்த சிறு பைக்குள் வைத்து மகளின் பெட்டியில் போட்டேன். போவதற்கு முதல் கிழமை அவளை இருத்தி ஒரு சிப்பியை வெட்டச் சொன்னேன். அவள் மறுத்தாள். நானே வெட்டி, எப்படித் திரும்பப் பின்னுவது என்று காட்டினேன். முதலாவது கோணலாக வந்தது, நாலாவது சரியாக வந்தது.

கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு மூன்று கிழமை இருக்கும், இரவு அழைத்தாள். விடுதிக் கட்டிலின் இரும்பு முனையில் கொளுவி ஒரு சிப்பி அறுந்துவிட்டதாம். கழன்று போகாமல் உடனே குண்டூசி குத்தி வைத்து, அடுத்த நாள் விரிவுரை முடிந்து வந்து தானே பின்னிவிட்டாளாம். படத்தை அனுப்பியிருந்தாள். எது புதிது என்று தேடித்தான் கண்டுபிடித்தேன். மற்றக் கதையெல்லாம் கதைத்து முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் சொன்னாள்: "அம்மம்மாட்டைச் சொல்லுங்கோ அம்மா, அஞ்சும் நெட்டைதான்."